மூன்று நட்சத்திரங்களுக்கு நடுவில்

அவருக்கு என் கதை பிடிக்காது. ஆனாலும் ஒரு அத்தியாயம் விடாமல் படித்தார். இப்படி ஒரு வாசகர் அமைவது வரம் என்று எழுதுகிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள். வரமெல்லாம் இல்லை. தொல்லை. செருப்புக்குள் போன கல் மாதிரி.

செல்போனில் கதை படிக்கும் செயலி ஒன்றில் நான் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். இருநூறு வருஷம் கழித்து நடக்கிற காதல் கதை. காரைக்காலில் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பிறப்புச் சான்றிதழும் பட்டாவும் நகலெடுக்கிறவளுக்கு விண்கலத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். ஒன்றும் தெரியாது. படிக்கிறவர்களுக்கும் தெரியாது. கதாநாயகன் உயரமாக இருக்க வேண்டும். கோபக்காரனாக இருக்க வேண்டும். கதாநாயகியைத் தவிர வேறு எவளையும் ஏறெடுத்துப் பார்க்கக் கூடாது. அவன் நிற்கிற இடம் கல்யாண மண்டபமா, செவ்வாய் கிரகமா என்பதெல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான்.

என் கதாநாயகன் ஆதிரன் விண்கலம் ஓட்டுகிறவன். யாழினியைக் கட்டிய சில நாட்களிலேயே தூரத்துக் கிரகம் ஒன்றுக்குக் கிளம்பிப் போகிறான். கலத்தில் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உறைய வைத்துத் தூங்கப் போட்டுவிடுவார்கள். வயது ஏறாது. யாழினி பூமியில் காத்திருப்பாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் அவன் போய்விட்டான். பத்தாம் அத்தியாயத்தின் தலையில், காலம் கடந்ததைக் காட்ட எல்லோரும் போடுவதைப் போல வரியின் நடுவே மூன்று நட்சத்திரக் குறி போட்டேன். கீழே, 'பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு' என்று எழுதினேன். கலம் இன்னும் வரவில்லை, யாழினி கடற்கரையில் நின்று வானத்தைப் பார்க்கிறாள்.

கருத்துகள் கொட்டின. 'செம எபிசோட் சிஸ்.' 'ஆதிரனைச் சீக்கிரம் எறக்குங்க சிஸ், வெயிட்டிங்.' வரிசையாகச் சிவப்பு இதயங்கள். அவற்றுக்கு இடையில் ஒரே ஒரு சொல்.

'நடுவுல?'

'புரியல சிஸ்' என்று பதில் போட்டேன்.

'அந்த மூணு நட்சத்திரத்துக்குள்ள பன்னெண்டு வருசம் கெடக்கு. அதுல யாழினி என்னா பண்ணிக்கிட்டிருந்தா?'

'காத்திருந்தா சிஸ்.'

'அது ஒரு வேலையா?'

எனக்கு எரிச்சல் வந்தது. அடுத்த அத்தியாயத்தில் வேண்டுமென்றே யாழினிக்கு இளமை ஊசி போட்டேன். பன்னிரண்டு வருஷம் ஆகியும் முகத்தில் ஒரு கோடு விழவில்லை என்று எழுதினேன். வாசகிகளுக்கு ஒரே சந்தோஷம். அந்த ஊசி எங்கே கிடைக்கும் என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர் மட்டும் எழுதினார்: 'தோலுக்கு ஊசி போட்டீங்க, சரி. நாளுக்கு என்னா போட்டீங்க?'

மற்ற வாசகிகள் அவர் மேல் பாய்ந்தார்கள். இது காதல் கதை, டைரி இல்லை என்றாள் ஒருத்தி. அதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். 'காத்திருக்கறவ பல்லு வெளக்க மாட்டாளா? சோறு வடிக்க மாட்டாளா? அதுல காதல் இல்லன்னா வேற எதுல இருக்கு?'

அந்த ஆளை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் கடையில் பாதி வேலை பிரெஞ்சுப் பேப்பர் வேலை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால், இங்கே சில வீடுகளில் தாத்தாவோ அப்பாவோ பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள். பிள்ளைகளுக்கும் அந்தக் குடியுரிமை இருக்கும். ஓய்வூதியம் வாங்குகிற கிழவர்களும் விதவைகளும் வருஷா வருஷம் தாங்கள் சாகவில்லை என்று உயிர்ச் சான்று அனுப்ப வேண்டும். தலத்தெருவில் கட்டிலோடு கிடக்கும் மாமியாருக்காக அந்தச் சான்றை எடுக்க ஒரு மருமகள் வருவார். கையில் பச்சை நாடா கட்டிய பெரிய கோப்பு. முப்பத்தைந்து வயதைத் தொட்டிருப்பார். குரும்பகரத்து விவசாயக் குடும்பம். களத்துமேட்டில் கூப்பிட்டுப் பழகிய குரல், மெதுவாகப் பேச வராது. நான் அக்கா என்பேன், அவர் தங்கச்சி என்பார்.

ஒரு நாள் கணினி இணைப்பு விழுந்துவிட்டது. "பன்னெண்டு மணிக்கு வாங்கம்மா" என்றார் எங்கள் முதலாளி.

"நடுவுல?" என்றார் அக்கா.

"நடுவுல வூட்டுக்குப் போயிட்டு வாங்க."

"போனா திரும்பி வர முடியாதுங்க. கெழவி முழிச்சிக்கும். இங்கயே ஒக்காந்துக்கறேன். நீங்க வேலையப் பாருங்க."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனை எடுத்தார். திரையில் என் கதை. நான் அச்சு இயந்திரத்துக்குக் காகிதம் வைக்கிறவள் போல நின்றேன். அவர் உதட்டை அசைத்துப் படித்தார். பிறகு தானாகவே சொன்னார்: "இந்தக் கதை எழுதறவளுக்குக் கல்யாணம் ஆவல போலருக்கு தங்கச்சி. ஆயிருந்தா இப்படித் தாண்டித் தாண்டிப் போவ மாட்டா."

"கதைன்னா அப்படித்தான்க்கா. எல்லாத்தையும் எழுத முடியுமா?"

"நடந்ததெல்லாம் எழுத வேணாம். நடந்துச்சுன்னாவது எழுதணும்ல?"

அந்த 'நடுவுல' அவருக்கு வாயோடு வந்தது. மின்சாரம் நாளைக்கு வரும் என்றால் நடுவுல? மருத்துவர் ஆறு மாசம் கழித்து வாருங்கள் என்றால் நடுவுல? யாராவது 'ரெண்டு வருசம் ஓடியே போச்சு' என்று பேச்சுக்குச் சொன்னால்கூட, "எங்க ஓடுச்சு? நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்" என்பார். முதலாளிக்கு அவரைக் கண்டாலே சிரிப்பு. "நடுவுல வந்துட்டாங்க" என்பார் என்னிடம், அவர் காதில் விழுகிற மாதிரியே. "ஆமாங்க, ஓரமா நின்னா ஒங்களுக்குக் கண்ணு தெரியாதே" என்பார் அவர்.

கதை எழுதுவது நான்தான் என்பதை இரண்டு மாதம் மறைத்தேன். ஒரு நாள் என் செல்போனில் அவருடைய கருத்துக்கு நான் பதில் தட்டிக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்த அவர் செல்போன் மணி அடித்தது. தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அடிப்பாவி" என்றார். அவ்வளவுதான். அடுத்த முறை வரும்போது எனக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டுவந்தார். "தின்னுட்டு அந்தப் பொண்ணுக்கும் ஒரு வேள சோறு போடு" என்றார்.

அவர் கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கணவன் பிரெஞ்சுப் பேப்பர் உள்ள மாப்பிள்ளை. இங்கே விவரம் தெரிந்த வீடுகளில், அப்படிப்பட்ட சம்பந்தம் வந்தால் தாலிக்கு முன்னால் பதிவைக் கேட்பார்கள். அந்த நாட்டுக்காரனைக் கட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். கட்டிய பிறகு அந்தக் கல்யாணத்தை அவர்கள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏறாவிட்டால் அந்த நாட்டைப் பொறுத்தவரை அப்படி ஒரு மனைவி கிடையாது. குரும்பகரத்தில் நெல் விளைவிக்கிற அவர் அப்பாவுக்கு இது தெரியாது. மாப்பிள்ளை தன் கருஞ்சிவப்பு பாஸ்போர்ட்டைக் காட்டினான். அப்பா அதைத் தொட்டுப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, திருப்பிக் கொடுத்தார். ஆடி பிறக்கப் போகிறது, லீவு முடியப் போகிறது, பேப்பரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டில். ஊரே சாப்பிட்ட கல்யாணம். நாற்பது நாள் இருந்தான். போனான்.

அதன் பிறகு பேப்பர் வருகிறது, வருகிறது என்றே பதினோரு வருஷம். இந்த நகல் அனுப்பு, அந்தச் சான்று அனுப்பு என்று போனில் சொல்வான். அவர் எங்கள் கடையில் எடுத்து அனுப்புவார். கோப்பு கனத்துக்கொண்டே போனது. நடுவில் அவர் மாமியாருக்குக் கால் விழுந்தது. மலம் அள்ளிப் போட்டது இவர்தான். "எம்புள்ள ஒன்னக் கூட்டிக்கிட்டுப் போவான், நீ பேப்பரப் பத்திரமா வச்சுக்க" என்று மாமியார் சொல்வாராம். அந்த வீட்டில் யார் எதை நம்பினார்கள், யார் எதை மறைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் மறைத்ததுதான் எனக்குத் தெரியும்.

அந்த வருஷத்து உயிர்ச் சான்றுக்கு அவன் அங்கிருந்து ஒரே ஒரு கடிதத்தின் நகலை எங்கள் கடை எண்ணுக்கு அனுப்ப வேண்டும். அவசரத்தில் வேறு காகிதங்களையும் சேர்த்து அனுப்பிவிட்டான். நான்கு பக்கம். மூன்றாம் பக்கம் அவனுடைய குடும்பப் பதிவு. மனைவி என்ற இடத்தில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியின் பெயர். கல்யாணமாகி நான்கு வருஷம். ஒரு ஆண் குழந்தை.

"எந்தப் பேப்பரையும் படிக்காத. அடிச்சுக் குடு" என்பது எங்கள் கடைச் சட்டம். அடுத்தவர் பேப்பரைப் படித்துப் பேச ஆரம்பித்தால் கடையை மூட வேண்டியதுதான் என்பார் முதலாளி. நான் முதல் பக்கத்தை மட்டும் அடித்தேன். மற்றதை அழித்தேன். அக்கா வந்து வாங்கிக்கொண்டு போனார். "வேற ஒண்ணும் அனுப்பலியா?" என்று கேட்டார். "இல்லக்கா" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் வந்தார். நகல் எதுவும் எடுக்க வரவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சுரக்குடியில ஒருத்தரு. வேளாண் டிப்போவுல வேல. பொண்டாட்டி செத்துட்டா, புள்ள கெடையாது. எந்தம்பி போய்ப் பேசிட்டு வந்துட்டான். பதிவு கெடையாது, ஒண்ணு கெடையாது, அத்துவுட்டுட்டு வாக்கா, ஒரு புள்ள பெத்துக்க இன்னும் வயசு இருக்குங்கறான். இந்த மாசத்துக்குள்ள சொல்லணுமாம்."

"நீங்க என்னக்கா நெனைக்கிறீங்க?"

"எனக்குப் புள்ள வேணும்." இதை மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். "ஆனா நான் அந்தாண்ட போயி, இவன் இந்தாண்ட பேப்பரோட வந்து நின்னா? பதினோரு வருசத்தக் கொண்டுபோயி எங்க கொட்டறது?"

நான் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்கதையில அவன் வருவானா தங்கச்சி?"

அப்போது வாசகிகள் என்னைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆதிரன் வராவிட்டால் செயலியையே நீக்கிவிடுவோம், சோக முடிவு வைத்தால் ஒரு நட்சத்திர மதிப்புதான், எங்கள் வீட்டில் இருக்கிற சோகம் போதாதா என்று. அதுவும் நியாயம்தான். நாள் முழுக்க உழைத்துவிட்டுப் படிக்கிறவர்களுக்கு எதற்கு அழுகை. நான் முடிவு எடுத்தாயிற்று.

"வருவான்க்கா. எல்லாரும் கேக்கறாங்க."

"கத கெடக்கட்டும். பேப்பருல ஏதாவது பாத்தியா?"

என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார்.

"பாக்கலக்கா."

கடைச் சட்டம் என்று இன்று சாக்குச் சொல்லலாம். முதலாளி அன்று திருமலைராயன்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான். ஒருத்தர் வாழ்க்கையை என் வாயால் உடைக்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான். கதையைப் படித்து யாரும் வாழ்க்கையை முடிவு செய்வதில்லை என்பார்கள். இருக்கலாம். பொய்யைக் கேட்டு முடிவு செய்வார்கள்.

அவர் சுரக்குடிக்காரரை வேண்டாம் என்றார். அந்த ஆள் தை மாதம் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அதே வாரம் என் ஆதிரன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்துகொண்டு இறங்கி வந்தான். கருத்துப் பகுதி திருவிழாவாக இருந்தது. 'அழுதுட்டேன் சிஸ்.' 'இதுதான் உண்மையான காதல்.' அக்கா ஒன்றும் எழுதவில்லை. கடைக்கு வந்தபோது மட்டும், "வந்துட்டான். சரி. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டானா, நடுவுல என்னா பண்ணேன்னு?" என்றார். கேட்கவில்லை. நான் எழுதவில்லை. நேரே கட்டிப்பிடித்துவிட்டான்.

மாமியார் செத்தபோது மகன் வந்தான். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. காரியங்கள் முடிந்த மறுநாள் காலையில் கடைக்கு வந்தான், அம்மாவின் இறப்பை அந்த நாட்டு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் படிவம் நிரப்ப. வழி காட்டி, கோப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா கூடவே வந்தார். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவர் நின்றார்.

அம்மா பெயர், பிறந்த ஊர், கணவர் பெயர், மகன் பெயர். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவன் சொன்னான், நான் அடித்தேன். மகனின் மனைவி பெயர் என்ற கட்டம் வந்தது.

அவன் என்னைப் பார்க்காமல் சட்டைப்பையில் பேனாவைத் தேடினான். "அது... நான் பேப்பர்ல எழுதித் தர்றேன்" என்றான் தாழ்ந்த குரலில். வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்தால் பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தெரியாது என்று நினைத்திருப்பான். என்னை மாதிரியே கோழை.

அவன் பேனாவைத் தேடி எடுத்துத் தலை நிமிர்ந்தபோது அந்தப் பெயர் திரையில் இருந்தது. என் விரல்கள் அடித்துவிட்டிருந்தன. ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தப் பெயரைத் தலைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தவள் நான். கட்டம் வந்ததும் கை தானாகப் போய்விட்டது.

அக்கா திரையைப் பார்த்தார். உதட்டை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அவனைப் பார்த்து, "யாரு இது?" என்றார்.

"வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்."

"இங்க பேசு. பன்னெண்டு வருசமா இங்கதான் பேப்பர் எடுத்தேன்."

"நான் ஒண்ணும் ஒன்ன ஏமாத்தல. எதுவும் பதியலல்ல? பேப்பர்படி நமக்குள்ள ஒண்ணும் கெடையாது." எதிர் மேசையில் இருந்த முதலாளியையும் என்னையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறவன் போலப் பார்த்தான். "கேட்டுப் பாரு இவங்களையே."

எனக்கு அவன் மூஞ்சியில் விசைப்பலகையை எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. அக்கா அதற்குள் அவனைப் பார்ப்பதை விட்டுவிட்டார். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயரை யாரும் சொல்லாமல் எப்படி அடித்தேன் என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். நடுவில் விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதுதானே அவர் வேலை. கோப்பை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

அவன் படிவத்தை வாங்கிக்கொண்டு போனான். நான்தான் அச்செடுத்துக் கொடுத்தேன்.

அந்த மாதத்திலேயே அவர் குரும்பகரத்துக்குத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அதன் பிறகு, பழைய பத்தாம் அத்தியாயத்தின் கீழே, மூன்று நட்சத்திரம் இருந்த இடத்தில், அவருடைய கருத்துகள் வர ஆரம்பித்தன. ஒரு நாளைக்கு ஒன்று.

'மொத வருசம்: யாழினி அந்த ஊரு பாஷ கத்துக்கிட்டா. பொஞ்சூர், மெர்சி, ஒண்ணுலேந்து நூறு வரைக்கும். பேச ஆளில்ல. பசு மாட்டுக்கிட்ட சொன்னா.'

'மூணாம் வருசம்: குளிர் ஊருன்னாங்க. ஸ்வெட்டர் வாங்கி வச்சா.'

'ஏழாம் வருசம்: ஸ்வெட்டர பூச்சி அரிச்சிடுச்சு.'

'ஒம்போதாம் வருசம்: மாமியாருக்கு முதுகுல புண்ணு. ரெண்டு மணிக்கு ஒருக்கா பொரட்டிப் போடணும். யாழினி அந்த வருசம் ஒரு நாளும் முழுசாத் தூங்கல. ஊசி போட்டும் முகத்துல கோடு வுழுந்துச்சு.'

'பதினோராம் வருசம்: சுரக்குடிக்காரரு கேட்டாரு. யாழினி வேணாம்னா.'

வாசகிகள் கொதித்தார்கள். கதை முடிந்து இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. 'யாரு சிஸ் இந்த லூசு, பழைய எபில வந்து லேக் பண்றது?' 'போர்.' 'கதையோட ஃபீலே போச்சு, டெலிட் பண்ணுங்க.' 'எங்களுக்கு ஹனிமூன் எபி வேணும்.'

கடைசியாக வந்தது: 'பன்னெண்டாம் வருசம்: தெரிஞ்சவகிட்ட கேட்டா. தெரிஞ்சவ சொல்லல.'

எல்லாவற்றையும் அழித்தேன். வாசகிகள் கேட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் பதினொன்று வந்தபோதே அவர்கள் அழிக்கச் சொன்னார்கள். நான் கை வைத்தது பன்னிரண்டாவது வந்த பிறகு.

கடைசியாக அவரைப் பார்த்தது மழை விட்டிருந்த ஒரு முற்பகல். ஆதார் அட்டையில் முகவரி மாற்ற வந்தார். குரும்பகரம். கணவர் பெயர் இருந்த இடத்தில் அப்பா பெயர் வர வேண்டும். நாற்காலியில் உட்காரவில்லை. பச்சைக் கோப்பை எடுத்து நீட்டினேன். "அத நீயே வச்சுக்க. கதைக்கு ஆவும்" என்றார்.

படிவம் அடித்தேன். கையெழுத்துப் போட்டார். நகலை மடித்துப் பையில் வைத்தபடி கேட்டார். குரலில் கோபம் இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல்.

"நீ அந்தப் பேப்பரப் பாத்த நாளு ஒண்ணு இருக்கு. அவன் இங்க வந்து ஒக்காந்த நாளு ஒண்ணு இருக்கு. நடுவுல நீ என்னா பண்ணிக்கிட்டிருந்த தங்கச்சி?"

நான் இயந்திரத்தில் அடுத்த காகிதத்தை வைத்தேன். அவர் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு கடைக்கும் வரவில்லை, கதைக்கும் வரவில்லை.

நடுவில் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் இருந்தன அக்கா. உங்களுக்கு முப்பது, முப்பத்தைந்து நகல் எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் கொண்டுவந்த முறுக்கைத் தின்றேன். டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். சுரக்குடிக்காரர் கல்யாணப் பத்திரிகைக்கு எங்கள் கடையில்தான் எழுத்துக் கோத்தோம். மணமகள் பெயரை நான்தான் அடித்தேன். தினமும் மத்தியானம் சாப்பிட்ட பிறகு, கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில், உட்கார்ந்து எழுதினேன். ஆதிரனை வர வைத்தேன்.